வெல்லாத குழுவும் விலகாத அன்பும்

சங்கச் சான்றோர் வென்றவரை மட்டுமே பாடினாரல்லர். வெண்ணிப் பறந்தலையிற் கரிகாற் சோழனொடு பொருது புறப்புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். வாகை சூடிய கரிகாலனையே முன்னிலைப்படுத்திப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்ற சேரனை அவனினும் மேலானவனாக வைத்தெண்ணினார் என்பது புறநானூற்றின் 66 ஆம் பாட்டாற் பெறப்படும். வெற்றி வேறு, மதிப்பு வேறு என்னும் இவ்வுண்மை போர்க்களத்துக்கு மாத்திரமன்றி ஆடுகளத்துக்கும் பொருந்துவதாம். ஆண்டுதோறும் தோல்வியே கண்டுவரும் ஓர் உதைபந்தாட்டக் குழுவை மக்கள் விடாது பற்றி நிற்பது ஏன்? அப்பற்று வெறும் பேதைமையா, அன்றி ஒருவகை அறமா? இவ்வினாவுக்கு விடைகாணத் திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறே ஒரு வழியைத் திறந்து வைக்கின்றது.

1795 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957 ஆம் ஆண்டு வரை அதனைத் தம் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். எக்காலத்திலும் பெருங்கப்பல்கள் தங்குதற்கேற்ற அத்துறைமுகத்தின் பெயரை அவர்கள் ஒரு போர்க்கப்பலுக்கும் இட்டனர். இங்கிலாந்தில் ஓக்கு மரத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், பம்பாயில் வாடியா குலத்தாரின் கப்பற் பட்டறையிலே தேக்கு மரத்தாற் கட்டப்பெற்ற ‘திருகோணமலை’ என்னும் அக்கப்பல், 1817 ஒக்டோபர் 12 ஆம் நாள் கடலில் இறக்கப்பட்டது.

அப்பெருங்கலத்தின் வரலாற்றிலே புகழ்பெற்ற வெற்றி எதுவும் இல்லை. நெப்போலியனொடு நிகழ்ந்த போர்கள் முடிவுற்ற பின்னரே அது பிறந்தது. இங்கிலாந்தை அடைந்ததும் பயன்பாடின்றி நிறுத்திவைக்கப்பட்டு, 1847 ஆம் ஆண்டிலேதான் பணியில் அமர்த்தப்பெற்றது. பத்தாண்டுக் காலத்துள் அதன் கடற்பணியும் முடிவுற்றது. பின்னர்ப் பயிற்சிக் கப்பலாகி, வேறு பெயரும் பூண்டு, பல துறைகளிற் கிடந்து முதுமையெய்திய அக்கலம், 1987 ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரைச் சேர்ந்தது. கப்பல் கட்டுந் தொழில் நலிவுற்றிருந்த அந்நகரின் கைவினைஞர் பல ஆண்டுகள் உழைத்து அதனைப் புதுக்கினர். 1992 இல் அது தன் பழம்பெயரை மீண்டும் பெற்றது. பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் இன்றும் நீரில் மிதப்பனவற்றுள் மிகத் தொன்மையானது இதுவேயாகும். போரில் வென்றதனால் அன்று, கைவிடாதார் சிலர் இருந்தமையினாலேயே அது நிலைத்தது.

அக்கப்பல் தங்கியிருக்கும் நகரின் உதைபந்தாட்டக் கழகமும் அத்தகையதே. 1908 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹாட்டில்பூல் கழகம், 1921 இல் ஆங்கிலக் கழகங்களின் கூட்டிணைப்பிற் சேர்ந்தது. அன்று தொட்டு மூன்றாம் பிரிவுக்கு மேல் அது ஒருமுறையேனும் உயர்ந்ததில்லை. முதல் உலகப் போர்க்காலத்தில், 1916 ஆம் ஆண்டிலே, செர்மானிய வான்கப்பல் வீசிய குண்டு அதன் மைதானத்துப் பார்வையாளர் மேடையையும் அழித்தது. போரின் இழப்பும் போட்டியின் இழப்பும் அக்கழகத்துக்கு ஒருசேர வாய்த்தன எனலாம்.

அந்நாளைய கூட்டிணைப்பில் ஒரு வழக்கம் நிலவிற்று. பருவ முடிவிற் கடைநிலையில் நின்ற கழகங்கள், தம்மைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளுமாறு ஏனைய கழகங்களை வேண்டி, அவற்றின் வாக்கைப் பெறல்வேண்டும். பெறாதது வெளியேற, வேறொரு கழகம் அதன் இடத்திற் புகும். ஹாட்டில்பூல் பதினான்கு முறை இவ்வாறு கைநீட்டி நின்றது. பதினான்கு முறையும் தப்பியது. 1986 ஆம் ஆண்டில் இவ்வழக்கம் ஒழிந்தது. அதன்பின் ஆட்ட முடிவே கழகத்தின் விதியாயிற்று. 2017 இல் கூட்டிணைப்பை விட்டு இறங்கிய அக்கழகம், 2021 இல் தண்ட உதைகளால் வென்று மீண்டும் ஏறி, 2023 இல் மறுபடியும் இறங்கியது.

இத்தகைய கழகத்தைப் பின்தொடர்வோர் தம் துயரையே நகையாக மாற்றிக்கொண்டனர். பருவத்தின் இறுதி வெளியூர் ஆட்டத்துக்கு வேடம் புனைந்து செல்லுதல் அவர்தம் மரபாகும். 2012 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் நிகழ்ந்த ஆட்டத்துக்கு அவர்கள் நூற்றுக்கணக்கிற் சித்திரக்கதைகளில் வரும் நீலநிறக் குள்ளர்களாக உருமாறிச் சென்றனர். வெற்றியைக் கொண்டாடுவோர்க்கு வெற்றி வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஒருவரோடொருவர் கூடியிருத்தலையே கொண்டாடுவோர்க்கு அக்காத்திருப்பு வேண்டுவதில்லை. ஆடுவோர் சில பருவங்களில் வேறு கழகத்துக்குச் செல்வர், பயிற்றுநர் மாறுவர், உரிமையாளரும் விற்றுவிட்டு அகல்வர். மாறாது நிற்பவர் பார்வையாளரே. ஆதலின் ஒரு கழகத்தின் வரலாற்றைச் சுமப்பவர் அவரே எனின் மிகையாகாது.

இனித் திருகோணமலையை நோக்குமிடத்து, இவ்வுண்மை மேலும் கூர்மை பெறுகின்றது. ஆங்கிலப் படையினராலும் கடற்படையினராலும் இலங்கையிற் பரவிய உதைபந்தாட்டம், அவர்கள் கப்பலேறிய பின்னும் எஞ்சி நின்றது. தளம் 1957 ஆம் ஆண்டிற் கைமாறிற்று, ஆட்டம் மக்களுடையதாயிற்று. ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் பந்தை உதைத்த இளைஞர் கண்ணுக்கெட்டிய தொலைவில் நின்ற உச்சி, நாட்டின் குழுவேயாகும். அக்குழுவோ தோல்விக்கு நன்கு பழகியது. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாக்கித்தான், பர்மா என்னும் நாடுகளொடு ஆடிய கொழும்புக் கிண்ணத்தை இலங்கை ஒருமுறையேனும் வென்றிலது.

அரிதாக வாய்த்த ஏற்றங்களும் இத்துறைமுகப் பகுதிக்கு முழு மகிழ்ச்சியைத் தந்தனவல்ல. 1995 ஏப்பிரல் தொடக்கத்திற் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று, தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை இலங்கை கைக்கொண்டது. மூன்று கிழமை செல்லுமுன், அம்மாதம் 19 ஆம் நாள், திருகோணமலைத் துறைமுகத்திற் கடற்படையின் இரு பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட, போர் மீண்டும் மூண்டது. அடுத்த ஆண்டு துடுப்பாட்ட உலகக் கிண்ணம் நாட்டின் கண்களையெல்லாம் தன்பால் ஈர்த்தது. 2006 ஏப்பிரலில் ஆசியச் சவால் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்ற குழு, டாக்காவில் தசிக்கித்தானிடம் 0–4 எனத் தோற்றது. அவ்வாண்டு ஓகத்திலே மூதூர் மக்கள் வீடுவாசல் துறந்து ஓடினர். நாடு பிளவுண்டு நின்ற அக்காலத்தில், நாட்டின் குழுவைத் தன் குழுவென எண்ணுதல் இந்நகரத்துத் தமிழ் இளைஞனுக்கு எளிதாயிருந்திருக்க இயலாது. எளிதல்லாதவிடத்தும் ஆட்டத்தின்பாற் கொண்ட பற்று அறவில்லை. அப்பற்றின் பெறுமதி ஆங்கேதான் விளங்குகின்றது.

எனினும், பற்று என்பது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுதல் அன்று. உலக நாடுகள் 211 இடம்பெறும் தரவரிசையில் இலங்கை 207 ஆம் இடம்வரை இறங்கியது. 2023 சனவரியில், கழகச் சம்மேளனத்தின் நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டெனக் கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் நாட்டையே தடைசெய்தது. ஓகத்திலேதான் தடை நீங்கிற்று. அவ்விடைக்காலத்தில் ஆதரவாளன் இழந்தது வெற்றியையன்று. தன் குழு தோற்பதைக் காணும் உரிமையையுங்கூட அவன் இழந்தான். களத்தில் நேரும் தோல்வியை மன்னிக்கலாம். மேசையில் நேரும் தோல்வியை மன்னித்தல், அடுத்த தலைமுறைச் சிறுவனின் பந்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும். நண்பன் நெறி தவறுமிடத்துக் கடிந்துரைப்பதும் நட்பின் கடமையென்பது வள்ளுவர் கருத்தன்றோ? தோற்ற குழுவை விட்டு நீங்காதவனே அக்குழுவின் நிருவாகத்தை வினவுதற்கு முதல் உரிமையுடையவன். வெற்றியின்போது மட்டும் வருபவனுக்கு அவ்வுரிமை இல்லை.

தடை நீங்கிய பின், 2024 செப்டெம்பரிற் கம்போடியாவை அதன் தலைநகரிலேயே தண்ட உதைகளால் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றினுள் இலங்கை புகுந்தது. 2025 சூன் மாதத்திற் சீனத் தாய்ப்பேயைக் கொழும்பில் 3–1 என வென்றது. இவை பெருவெற்றிகளல்ல, ஆயினும் 0–8 எனத் தென்கொரியாவிடம் 2019 இல் தோற்ற நாளை நினைவில் வைத்திருப்பவன் ஒருவனே இவற்றின் சுவையை முற்றாக அறிவான். நேற்று வந்து சேர்ந்தவனுக்கு அஃது ஓர் ஆட்டத்தின் முடிவு. நெடுநாள் நின்றவனுக்கோ அது தன் வாழ்நாளின் ஒரு பகுதி.

போரில் வெற்றிகாணாத ஒரு கப்பல், இருநூறாண்டு கடந்தும் திருகோணமலையின் பெயரை ஹாட்டில்பூல் துறையில் தாங்கி நிற்கின்றது. அதன் கரையிலுள்ள நகரத்தார், உயர்வு காணாத தம் கழகத்தைத் தாங்கி நிற்கின்றனர். தேக்கு மரமாயினும் பேணாதவிடத்து உளுத்துப்போம். குழுவும் அத்தகையதே. அதனைப் பேணுதலாவது, மழையிலும் தோல்வியிலும் மைதானத்துக்கு வருதலும், வந்தபின் குறைகண்டவிடத்து வாய்திறந்து கேட்டலுமாம். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவன் பற்று பேதைமையன்று, அறமேயாம்.