கழுத்து வலியும் இயக்கக் கற்பனைப் பயிற்சியும்: கைக்கு வகுத்த முறை கழுத்துக்குப் பொருந்துமா?

உறுப்பை அசைக்காமல், அசைப்பதாக மனத்துக்குள் நிகழ்த்திப் பார்ப்பது இயக்கக் கற்பனை. அது வெறும் பகற்கனவு அன்று. யூ, கோல் ஆகியோரின் 1992ஆம் ஆண்டு ஆய்வில், சுண்டுவிரலை விலக்கும் விசை உண்மையாகப் பயின்றவர்களிடம் 30 விழுக்காடும், கற்பனையில் மட்டும் பயின்றவர்களிடம் 22 விழுக்காடும் கூடியது.

இதை வலி மருத்துவத்தில் முறைப்படுத்தியவர் ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி. மணிக்கட்டு முறிவுக்குப் பின் நெடுநாள் வலி நீங்காத 13 பேரிடம் அவர் சோதித்து 2004இல் வெளியிட்ட முறைக்கு மூன்று படிகள்: படத்திலுள்ள கை இடதா வலதா எனச் சொல்லுதல், கையசைவைக் கற்பனை செய்தல், நலமான கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்தல். (கடைசிப் படிக்கான கண்ணாடிப் பெட்டி, தமிழகத்தில் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரனின் ஆக்கம்.)

இம்முறையைக் கழுத்துக்கு அப்படியே எடுத்தாள்வது எனக்கு உடன்பாடன்று. கைக்கு இணை உண்டு, கழுத்துக்கு இல்லை. எனவே கண்ணாடிப் படிக்கு வேலையே இல்லாமல் போகிறது. முதற்படியும் ஐயத்துக்குரியதே. கையின் படத்தைப் பார்ப்பவர் தம் கையை மனத்தில் திருப்பிப் பொருத்தியே விடை சொல்கிறார். திருப்புவதற்கு அரிய கோணமானால் விடைக்கு நேரமும் கூடுகிறது. தலை திரும்பிய படத்திலோ மூக்கு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று கண்டாலே போதும், தம் கழுத்தை நினைக்க வேண்டியதில்லை. கழுத்து வலியுள்ளோர் இத்தேர்வில் பின்தங்குகிறார்களா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடாததற்கு இதுவும் காரணமாகலாம்.

எஞ்சும் நடுப்படியில்தான் பொருள் இருக்கிறது. மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகளில், தசையின் நீட்சியை உணரும் தசைக்கதிர்கள் மிக அடர்ந்துள்ளன. தலையின் நிலையை மூளை அறிவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு. ஆகவே தலை திரும்புவதை வெளியே நின்று பார்ப்பதாகக் கற்பனை செய்து பயனில்லை. திருப்புகையில் எழும் இழுப்பையும் பாரத்தையும் உள்ளே உணர வேண்டும். நோயாளி அப்படித்தான் செய்கிறாரா என்பதைச் சிகிச்சையாளர் கண்ணால் காண முடியாதுதான். ஆயினும் கற்பனை நடைக்கும் உண்மை நடைக்கும் ஏறத்தாழ ஒரே நேரமே ஆகிறது என்று டெசெட்டி, ஜானெரோ குழுவினர் 1989இல் காட்டினர். அதன் வழியே, கழுத்தை உண்மையில் திருப்பும் நேரத்தையும் கற்பனையில் திருப்பும் நேரத்தையும் ஒரு நிறுத்துக் கடிகாரத்தால் ஒப்பிடலாம். இரண்டும் வெகுவாக விலகினால் பயிற்சியைத் தொடர்வதற்குமுன் மீண்டும் சொல்லித்தர வேண்டும்.

யாருக்கு இது தேவை? அசைத்தால் வலிக்கும் என்றஞ்சிக் கழுத்தை இறுக்கி வைத்திருப்போருக்கு. ஹார்வியும் உடனாய்வாளர்களும் 2015இல், மெய்நிகர்க் காட்சியில் திரும்பும் அளவைக் குறைத்துக் காட்டியபோது, கழுத்து வலியுள்ளோரின் வலியற்ற அசைவு 6 விழுக்காடு கூடியது. மிகைப்படுத்திக் காட்டியபோது 7 விழுக்காடு குறைந்தது. ஆக, திசுவின் நிலை மட்டுமே வலியின் தொடக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் கற்பனை தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது: நாட்பட்ட கைவலியுள்ளோரிடம் கற்பனை அசைவே வலியையும் வீக்கத்தையும் கூட்டியதை மோஸ்லி குழுவே 2008இல் பதிவு செய்தது. எனவே வலிக்கும் எல்லைக்கு உட்பட்ட அசைவிலிருந்து தொடங்கி, விரைவில் உண்மையான உடற்பயிற்சிக்கு மாறுவதே முறை.

இதன் பயனைச் சோதிக்க, கற்பனையை உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, உடற்பயிற்சி மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடும் ஆய்வு வடிவம் போதாது. கூடுதல் நேரமும் கவனிப்பும் கிடைத்ததாலேயே நோயாளி தேறியிருக்கலாம். அதே நிமிடங்கள் கணுக்காலை அசைப்பதாகக் கற்பனை செய்யும் குழு ஒன்றும் வேண்டும். அளவுகோலாக வலி மதிப்பெண்ணோடு ரெவலின் சோதனையையும் சேர்க்கலாம்: கண்ணை மூடித் தலையைத் திருப்பி மீள்பவரின் பிழை, 90 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் 4.5 பாகையைத் தாண்டுகிறதா என்பது அது. கழுத்தைக் கற்பனை செய்தவர்களிடம் மட்டும் இப்பிழை குறைந்தால், பயன் கற்பனையால் விளைந்தது என்று சொல்ல இடமுண்டு.