மோஹிட்டோவின் பூர்வீகம்

ஹவானாவில் மோஹிட்டோ என்ற பானத்துக்கு இரண்டு தகப்பன்களைச் சொல்கிறார்கள். ஒருவர் பிரான்சிஸ் டிரேக்: ஆங்கிலக் கடலோடி, ஸ்பானியர் கணக்கில் கொள்ளைக்காரர். 1586ல் கியூபாக் கடலில் நோயுற்ற மாலுமிகளுக்குக் கரும்புச் சாராயத்தில் எலுமிச்சையும் புதினாவும் கலந்து கொடுத்ததில் இது பிறந்ததாம். மற்றவர் ஹெமிங்வே. லா போதெகிதா தெல் மெதியோ என்ற மதுக்கடைச் சுவரில் அவர் கையெழுத்தென்று ஒரு வாசகம் தொங்குகிறது. அது அவர் எழுதியதுதானா என்பது சந்தேகம். அந்தக் கடை வந்தது 1942ல். ஸ்லாப்பி ஜோஸ் என்ற இன்னொரு ஹவானாக் கடை 1930களின் தொடக்கத்தில் அச்சிட்ட கையேட்டிலேயே மோஹிட்டோ இருக்கிறது.

நான் வங்கியில் பேரேடு பார்க்கிறவன். தொகை எங்கிருந்து வந்தது என்று பதிவு பதிவாகப் பார்த்தே பழக்கம். இந்தத் தம்ளரையும் அப்படிப் பார்க்கலாம்.

கரும்பு ஆசியப் பயிர். கொலம்பஸின் 1493ம் வருஷப் பயணத்தில் கரீபியனுக்குப் போனது. எலுமிச்சையும் ஆசியாவினது. புதினா ஐரோப்பியர் கொண்டுபோனது. சோடா, 1767ல் பிரீஸ்ட்லி தண்ணீரில் வாயு ஏற்றியதற்குப் பிந்திய சரக்கு. ஐஸ், பாஸ்டன் வியாபாரி பிரடெரிக் டியூடர் 1807ல் ஹவானாவுக்குக் கப்பலேற்றியது. கரியில் வடிகட்டி மென்மையாக்கிய ரம், சாந்தியாகோவில் 1862ல் தொடங்கிய பக்கார்டி ஆலையோடு வந்தது. டிரேக்கின் மாலுமி என்ன குடித்திருந்தாலும் அது இதுவல்ல.

உழைப்பு ஆப்பிரிக்காவிலிருந்து. 1791ல் ஹெயிட்டியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து அங்கே சர்க்கரைத் தொழில் சரிந்ததும், கியூபாவில் தோட்டங்களும் அடிமைகளும் பெருகினார்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886ல்தான். தகப்பன் கதைகளில் இவர்களுக்கு இடமில்லை.

செய்முறை சுலபம். உயரமான கண்ணாடித் தம்ளரில் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு கொத்துப் புதினா. மரக்குச்சியால் இலையை லேசாக அழுத்த வேண்டும். பிறகு 45 மில்லி வெள்ளை ரம், ஐஸ், மேலே சோடா. நண்பர் அறையில் முதல்முறை செய்தபோது நான் துவையலுக்குப் போல நசுக்கிவிட்டேன். பச்சைக் கசப்பு, குடிக்க முடியவில்லை. இரண்டாவது தம்ளர் சரியாக வந்தது. முதலில் மூக்கில் புதினா, பிறகு நாக்கில் புளிப்பும் இனிப்பும், கடைசியில் தொண்டையில் ரம்.

கியூபாவைப் புகையிலை, சர்க்கரை என்ற இரண்டு எதிர்நிலைகளில் வைத்துப் பார்த்த பெர்னாண்டோ ஓர்டிஸ், 1940ல் வெளிவந்த தன் நூலில், வந்துசேர்ந்த கலாசாரங்கள் ஒன்றையொன்று மாற்றிப் புதிதாக ஒன்றாவதைச் சொல்ல ஒரு புதுச் சொல்லையே உண்டாக்க வேண்டியிருந்தது. இந்தத் தம்ளரில் கியூபாவின் ஆதிச் சரக்கென்று எதுவுமில்லை. ஆனாலும் இது கியூபாதான்.

புதுக்கவிதை இரவல் சரக்கு என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு இது போதுமான பதிலென்று எனக்குப் படுகிறது. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். கூடவே யார் பயிரிட்டார்கள், யார் வெட்டினார்கள், யார் கலந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் ஒரு கொள்ளைக்காரரும் ஒரு நாவலாசிரியரும் தேவைப்படுகிறார்கள்.