ஒரு நல்ல வார்த்தையின் விலை

நாலு பேர் முகம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பது மயிலாப்பூர்க் குடும்பங்களில் பாலோடு ஊட்டப்படும் பாடம். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்புக் குறைந்திருந்தாலும், கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தகப்பனாரிடம், "சமையல் பிரமாதம்!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் புறப்படுவோம். அந்தப் பொய்யினால் யாருக்கு என்ன நஷ்டம்? பாவம், கடன் வாங்கிக் கல்யாணம் செய்திருக்கிறார். இன்று இரவாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே!

இதே தாட்சண்யத்தை ஒரு தடவை நான் ஏலத்தில் காட்டினேன். அதற்கு வேறொருவர் விலை கொடுத்தார். அந்தக் கதையையும், அதை ஒட்டி ஏலத்தின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2006-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது வயது 26. எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. எழுத்துத்தான் இன்னும் வந்தபாடில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 வரையில் பத்திரிகையில் வாரா வாரம் வெளிவந்தபோது, அந்தப் பக்கங்களை எடுத்துச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு வைத்தவர்கள் அநேகர். மணியத்தின் சித்திரங்களோடு கூடிய அந்த 'பைண்டு' புத்தகங்களுக்கு எப்போதுமே தனி மவுசு. லஸ் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறிக் கிளறி எனக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். கடைசியில் இணையத்தில் நடந்த ஓர் ஏலத்தில் அது அகப்பட்டது. "ஐந்து பாகமும் படங்களுடன் முழுமையாக" என்று விளம்பரம். மூன்று இரவு கண் விழித்து, 2,400 ரூபாய்க்கு எடுத்துவிட்டேன்.

பார்சல் வந்தது. நூல் கட்டி, பழைய பத்திரிகைத்தாள் சுற்றி, ஒரு மூலைகூட மடங்காமல் அழகாக அனுப்பியிருந்தார் விற்றவர். ஆவலோடு பிரித்தேன். படம் இருந்த இடத்திலெல்லாம் சதுரம் சதுரமாக ஓட்டை! யாரோ மகானுபாவன் பிளேடு வைத்துச் சித்திரங்களை மட்டும் அறுத்து எடுத்திருக்கிறான். படத்தோடு பின்பக்கத்துக் கதையும் போய்விட்டது. குந்தவை ஏதோ ரகசியம் சொல்ல வாயெடுக்கிறாள். அடுத்த வரியில் ஜன்னல் மாதிரி ஒரு துவாரம்.

விற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சார், நானே மொத்தமா வாங்கின சரக்கு. புரட்டிப் பார்க்கலை. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க. நீங்க நல்லபடியா எழுதினா நானும் உங்களைப் பத்தி நல்லபடியா எழுதறேன். நீங்க குறையா எழுதினீங்கன்னா…"

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பணத்தைத் திருப்பும் பேச்சை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "போனாப் போறதுடா. காசு போனா வரும். ஒருத்தன் வயித்துல அடிக்காதே. நன்னா இருக்குன்னு எழுதிட்டுப் போ" என்றாள்.

எழுதினேன். "நல்ல புத்தகம். பத்திரமாக அனுப்பினார். நன்றி" என்று மூன்று வாக்கியம். அதில் இரண்டாவது மட்டுமே உண்மை. அன்று மாலையே அவரும், "தங்கமான மனிதர்" என்று என்னைப் பற்றி எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு, ஏலம் என்ற விஷயம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஏலக்காய்க்கும் இந்த ஏலத்துக்கும் சம்பந்தமில்லை. இது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் பாஷையில் 'லெயிலாவ்' என்று இருந்தது நம் வாயில் ஏலம் ஆயிற்று. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்திறங்கியவைதாம். 16-ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் அவர்கள் குடியேறிவிட்டார்கள். பிறகு 1640-இல் வடக்கே கோட்டை கட்டத் தொடங்கிய ஆங்கிலேயர்களும் ஏலத்தை விடவில்லை. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் காய்ச்சலில் கண்ணை மூடினால், அவருடைய கட்டில், நாற்காலி, அங்கி எல்லாவற்றையும் கூவி விற்றார்கள்.

அந்த ஏலத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. சாமான் கண்ணெதிரே இருக்கும். மேஜையைத் தட்டிப் பார்க்கலாம். கட்டில் காலை ஆட்டிப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவர், "உள்ளே செல் அரிச்சிருக்கு, சுவாமி" என்று காதோடு காதாகச் சொல்லவும் வழி உண்டு. விற்பவர் தம் ஆட்களையே கூட்டத்தில் நிறுத்தி ரகசியமாக விலையை ஏற்றினால் அந்த ஏலமே செல்லாது என்று வாங்கியவர் சொல்லலாம். 1930-ஆம் வருஷத்து இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆவது பிரிவில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆக, பழைய ஏலத்தில் வாங்குகிறவனுக்குக் காவலாக இருந்தவை தன் கண், பக்கத்தில் நிற்பவரின் வாய், அப்புறம் சட்டம்.

1995 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பியர் ஓமிட்யார் என்ற இளைஞர் இணையத்தில் ஓர் ஏலக்கூடம் திறந்தார். பிற்பாடு ஈபே என்று உலகம் முழுவதும் பெயர் பெற்றது அதுதான். முதலில் விலைபோனது லேசர் ஒளி பாய்ச்சும் சுட்டுகோல் ஒன்று. அதுவும் உடைந்துபோனது! 14 டாலர் 83 சென்டுக்கு ஒருவர் எடுத்தார். "இது உடைந்தது என்று தெரியுமல்லவா?" என்று ஓமிட்யாரே கேட்க, "உடைந்தவற்றைத்தான் நான் சேகரிக்கிறேன்" என்று பதில் வந்ததாம். வேடிக்கை இருக்கட்டும், உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றார் பாருங்கள், அதுதான் நான் ரசித்த விஷயம்.

எல்லோரும் அப்படி விற்பார்களா? சீக்கிரமே புகார்கள் குவிந்தன. தினம் பஞ்சாயத்துப் பண்ண ஒரு மனிதரால் முடியுமா? 1996 பிப்ரவரியில் ஓமிட்யார் ஒரு யுக்தி செய்தார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பகிரங்கமாக அபிப்பிராயம் எழுதலாம். நல்லதானால் ஒன்று கூடும். கெட்டதானால் ஒன்று குறையும். இரண்டும் இல்லையானால் பூஜ்யம். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே நாலு வரை இறங்கினால் ஏலக்கூடத்திலிருந்து வெளியேற வேண்டியதுதான். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுங்கள், குறை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவர் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்.

சாமானைத் தட்டிப் பார்க்க முடியாத ஏலத்தில், முன்னால் வாங்கியவனின் வார்த்தைதான் பின்னால் வாங்குகிறவனுக்குக் கண். அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை இது.

இந்த வியாபாரம் இந்தியாவுக்கும் வந்தது. 2000-ஆம் ஆண்டில் பம்பாயில் பாஸீ என்ற ஏலத்தளம் தொடங்கியது; 2004-இல் ஈபே சுமார் 5 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது.

ஆனால் அமெரிக்காவிலும் மயிலாப்பூர்க்காரர்கள்தாம் இருக்கிறார்கள் போலிருக்கிறது! ரெஸ்னிக், ஸெக்கௌஸர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1999-இல் ஈபேயில் நடந்த வியாபாரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். வாங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். எழுதியவற்றில் 100-க்கு 99 நல்ல வார்த்தை! குறை சொன்னது 100-க்கு ஒன்றுகூட இல்லை. உலகத்தில் வியாபாரம் அவ்வளவு யோக்கியமாக நடக்கிறதா? பாதிப் பேர் ஏன் மௌனமாக இருந்தார்கள்? குறை சொன்னால் திருப்பிச் சொல்வான் என்ற பயம் அதில் ஒரு பங்கு. எதற்குப் பொல்லாப்பு என்ற தாட்சண்யம் இன்னொரு பங்கு.

இத்தனைக்கும் அந்த வார்த்தைகளுக்கு ரொக்க மதிப்பு உண்டு. அதே பேராசிரியர்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து 2006-இல் வெளியிட்டார்கள். பழைய தபால் அட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து, பாதியை நல்ல பெயர் எடுத்த ஒரு வியாபாரியின் பெயரிலும், மறுபாதியை அவரே புதிதாகப் பூண்ட அறிமுகமில்லாத பெயர்களிலும் விற்றுப் பார்த்தார்கள். நல்ல பெயருக்கு 100-க்கு 8 வீதம் கூடுதலாக விலை கிடைத்தது. நாணயம் என்ற ஒரே சொல்லை நேர்மைக்கும் காசுக்கும் வைத்த நம் முன்னோர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல.

அதாவது, நான் எழுதிய அந்த மூன்று வாக்கியமும் இலவசமல்ல. விற்றவர் கையில் நான் கொடுத்த காசு அது. ஆனால் எடுத்தது என் பையிலிருந்து அல்ல.

இரண்டு மாதம் கழித்து, அந்த ஏலத்தளத்தின் வழியாகவே எனக்கு ஒரு கடிதம் வந்தது. அடையாறு காந்தி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அதே விற்பனையாளரிடம் அவரும் ஒரு 'பொன்னியின் செல்வன்' வாங்கியிருக்கிறார். "தங்களுடைய நல்ல வார்த்தையைப் பார்த்துத்தான் 3,000 ரூபாய் அனுப்பினேன். தங்களுக்கு வந்த புத்தகத்தில் படங்கள் இருந்தனவா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை."

கோபமாக இரண்டு வரி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதை என்னை என்னவோ செய்தது. பதில் எழுதக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன்.

அவருடைய மனைவி படுக்கையில் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து நாலு மாதமாக நடமாட்டமில்லை. பன்னிரண்டு வயதில் வாரா வாரம் பத்திரிகை எப்போது வரும் என்று வாசலில் காத்திருந்து படித்த கதையை, அதே பக்கங்களில், அதே படங்களோடு பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டிருக்கிறார். பென்ஷன் பணத்தில் வாங்கியது. முதல் பாகம் மார்பின்மேல் திறந்து கிடந்தது. ஓட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "இங்கேதான் வீரநாராயண ஏரிக்கரையிலே வந்தியத்தேவன் குதிரை மேல வருவான்" என்று என்னிடம் சொன்னார்.

"மாமி, என் புத்தகத்திலேயும் படம் இல்லை. தெரிஞ்சுதான் நல்லதுன்னு எழுதினேன். மன்னிச்சுடுங்கோ" என்றேன்.

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காபி சாப்பிடுங்கோ, சார்" என்றார். அந்தக் காபி தொண்டையில் இறங்கிய விதத்தை இன்றுவரை மறக்கவில்லை.

அன்று இரவே, நான் முன்பு எழுதியதன் கீழே ஒரு பின்குறிப்புச் சேர்த்தேன். "நன்றாகக் கட்டி அனுப்பினார். ஆனால் படங்கள் எல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. முழுமை என்ற விளம்பரம் சரியல்ல. பணம் திரும்ப வரவில்லை. இதை முன்பே எழுதாதது என் தவறு." வசை ஒன்றும் இல்லை. நடந்தது மட்டும். மறுநாள் அவரும் சும்மா இருக்கவில்லை. "தங்கமான மனிதர்" என்று எழுதியதன் கீழேயே, "இவரிடம் ஜாக்கிரதை" என்று சேர்த்துவிட்டார்.

இந்தப் பழிவாங்கலுக்கு 2008 மே மாதம் ஈபே ஒரு முடிவு கட்டியது. விற்பவர்கள் இனி வாங்குகிறவர்களைப் பற்றிக் குறை எழுத முடியாது என்று விதி செய்தது. விற்பவர்கள் பொருமினார்கள், பிப்ரவரியிலேயே ஒரு வாரம் பகிஷ்காரம்கூட நடந்தது. பணம் கொடுக்காமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் பற்றி நாங்கள் எங்கே போய்ச் சொல்வது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும், வாங்குகிறவன் பயமில்லாமல் வாய் திறக்க அது வழி செய்தது.

குறை சொன்னால் மானநஷ்ட வழக்கு வருமே என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 1834-இல் சென்னையில் வந்திறங்கி, நேரே நீலகிரிக்கு ஏறிப்போன மெக்காலே துரையின் தலைமையில்தான் நம் தண்டனைச் சட்டத்தின் முதல் நகல் தயாராயிற்று. 1860-இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின் 499-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. இன்னாருடைய நாணயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, ரொக்கம் வாங்காமல் சரக்குக் கொடுக்காதே என்று ஒரு கடைக்காரர் தம் காரியஸ்தரிடம் சொல்கிறார். தம் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னாரானால் அது அவதூறு ஆகாது. 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்துவிட்டது, தத்துவம் மாறவில்லை. விற்பவர்களே வாங்கியவர்கள்போல் வேஷம் போட்டுப் புகழுரை எழுதக்கூடாது என்று 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகளும் சொல்கின்றன. ஆனால், வாங்கியவன் தானாகவே பொய் சொன்னால் அதைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்?

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பழிக்கு அஞ்சியவர்கள் என்று புகழ்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எவ்வளவு நல்ல வணிகர்கள் என்று நினைத்தேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. பழிக்கு ஒருவன் அஞ்ச வேண்டுமானால், பழி சொல்ல அந்த ஊரில் ஆள் இருந்திருக்க வேண்டும். அந்தப் புகழில் வாங்கியவர்களுக்கும் பங்கு உண்டு.

காந்தி நகரிலிருந்து திரும்பிய அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றில் அடிக்காதே என்று சொன்னவள், வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்:

"கல்யாண வீட்டுல உப்புக் கம்மியா இருந்தா சமையல்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் எழுந்திருக்கணும்டா. அடுத்த பந்திக்கு ஆள் காத்துண்டிருக்காளே!"