தோட்ட வேலை வாரம்

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பாலக்காட்டின் நெல்லியாம்பதி போன்ற மலைத் தோட்டங்களில் தொழிலாளர் ஒரு வாரத்தில் உழைக்கும் நேரத்துக்கான சட்ட வரம்பு. மூணாறில் தேயிலைக் கொழுந்து கிள்ளுவோரில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு ஆலைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என விதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 எனத் தனி விதி. இந்தியத் தொழிற்சாலைகள் 1946-இல் 48-க்கு வந்தன. எஸ்டேட்டுகள் பின்தங்கின: 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 54 மணி நேரத்தையும் வாரம் ஒரு நாள் ஓய்வையும் வகுத்தது. 48 என்ற வரம்பு 1981 திருத்தத்தில்தான் கிடைத்தது.

ஆனால் கொழுந்துக்காட்டில் கடிகாரத்தைவிடத் தராசுக்கே அதிகாரம். நாளுக்கு இத்தனை கிலோ என்ற கட்டாய அளவும், அதற்கு மேல் கிள்ளினால் கூடுதல் காசும் உள்ளவரை, நேரக் குறைப்பு தனிக் கோரிக்கையாக எழுவது அரிது. 2015 செப்டம்பரில் போராடி மூணாறை முடக்கிய ‘பெம்பிளை ஒருமை’ என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பின் பெண்கள் கேட்டதும் 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியுமே, அப்போதைய கூலி 232 ரூபாய்.

வாரம் 40 மணி நேரம் என்ற 1935-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை.