போப்பைப் பாட வைத்த துறவி!

ஒரு சின்ன பரீட்சை. இதுவரை கேட்டே இராத ஒரு பாட்டை, கூடப் பாடிக் காட்ட ஆள் இல்லாமல், வெறும் காகிதத்தைப் பார்த்து நீங்கள் பாட முடியுமா? 'என்ன சார், நான் பாத்ரூம்ல முணுமுணுக்கிறதோட சரி!' என்கிறீர்களா... கவலைப்படாதீர்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் தேர்ந்த பாடகர்களுக்கே அது பெரும்பாடுதான்!

அந்தக் காலத்து இத்தாலிய மடாலயம் ஒன்றை எட்டிப் பார்ப்போம். வழிபாட்டில் பாடுவதற்காகச் சிறுவர்களை உட்காரவைத்து ஒருவர் பாடிக் காட்டுகிறார். பையன்கள் திருப்பிப் பாடுகிறார்கள். மறந்தால்? மறுபடி முதலிலிருந்து! ஏட்டில் வார்த்தைகளுக்கு மேலே புள்ளியும் வளைவுமாகச் சில குறிகள் உண்டு. 'இங்கே குரல் ஏறும், இங்கே இறங்கும்' என்று அவை சொல்லும். எவ்வளவு ஏறும்? பெரும்பாலும் அது தெரியாது! ஏற்கெனவே பாட்டு தெரிந்தவனுக்குத்தான் அந்த ஏடு உதவும். ஆசிரியர் இல்லாவிட்டால் பாட்டும் இல்லை.

பொம்போஸா என்ற ஊரின் மடாலயத்தில் இதைப் பார்த்து நொந்துபோனார் ஒரு இளம் துறவி. பெயர் குய்தோ. பத்து வருடம் முட்டி மோதியும் பையன்களுக்குப் பாட்டு அரைகுறையாகத்தான் வருகிறதே, இந்த வயதில் எத்தனை படிக்கலாம் என்பது அவருடைய ஆதங்கம். பாட்டுகளைப் புது மாதிரியாக எழுதிக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பலன்? பாராட்டு அல்ல, பொறாமை! கூட இருந்தவர்களே குடைச்சல் கொடுக்க, மடத்தை விட்டே கிளம்பவேண்டி வந்தது.

பிற்பாடு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குய்தோ ஒரு கதை சொல்கிறார். உடையாத, வளையக்கூடிய கண்ணாடியைச் செய்து, பரிசு கிடைக்கும் என்று ரோமாபுரிச் சக்கரவர்த்தியிடம் எடுத்துப் போனானாம் ஒரு கைவினைஞன். கிடைத்தது மரண தண்டனை! 'என் கதியும் அதுதான்' என்கிற தொனி. பாவம், அத்தனை வலி!

1025-ம் ஆண்டு வாக்கில் அரேட்ஸோ நகரத்துக்கு வந்தார் குய்தோ. அங்கே பிஷப் தியோடால்ட், தேவாலயப் பாடகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அங்கேதான் அந்த அற்புதம் முழு வடிவம் பெற்றது.

முதலில், கோடுகள். ஸ்வரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்படி கோடு போட்டு, அவற்றில் சிலவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள் என வண்ணமும் கொடுத்தார். சரி, கண்ணுக்கு வழி பிறந்துவிட்டது. காதுக்கு?

இங்கேதான் அவருடைய மூளையை மெச்சவேண்டும். புனித யோவானைப் போற்றும் லத்தீன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு படி மேலே ஆரம்பிக்கும். அந்த ஆறு அடிகளின் முதல் அசைகள்: உத், ரே, மி, ஃபா, ஸோல், லா! பாட்டு பையன்களுக்கு மனப்பாடம். புதிதாக ஒரு ஸ்வரத்தைப் பார்க்கும்போது, 'இது எந்த அடியின் ஆரம்பம்?' என்று மனசுக்குள் பாடிப் பார்த்தால் போதும். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததை எட்டிப் பிடிப்பது... அவ்வளவுதான் சூத்திரம்! பிற்காலத்தில் 'ஸி' சேர்ந்தது. 'உத்' மாறி 'டோ' ஆயிற்று.

விஷயம் போப் பத்தொன்பதாம் ஜானின் காதுக்குப் போனது. குய்தோவை ரோமுக்கு வரவழைத்தார். ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவர், தான் கேட்டே இராத ஒரு வரியைத் தானே பாடிப் பார்க்கும்வரை இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லையாம்! பத்து வருட வேலை இனி ஓரிரு வருடத்தில் முடியும் என்று பெருமையோடு எழுதுகிறார் குய்தோ. பழைய மடத்தின் தலைவரும் ஏட்டைப் பார்த்துவிட்டு, எதிரிகளின் பேச்சைக் கேட்டதற்காக வருந்தினார்.

அடுத்த காட்சிக்கு எண்ணூறு வருடங்கள் தாண்டவேண்டும். 19-ம் நூற்றாண்டு, இங்கிலாந்தின் நாரிச் நகரம். ஏழைக் குழந்தைகள் பியானோவுக்கு எங்கே போவார்கள்? சாரா க்ளோவர் என்ற ஆசிரியை, ஸ்வரப் பெயர்களை ஏணிப் படிகள் போல அட்டையில் எழுதி மாட்டினார். குச்சியால் தொட்டுக் காட்டக் காட்ட, குழந்தைகள் பாடினார்கள். இதில் 'டோ' ஓரிடத்தில் நிற்காது. நம் பாட்டு டீச்சர் குழந்தையின் குரலுக்கு ஏற்ற கட்டையில் 'ஸ'வை வைத்துக்கொள்கிறாரே, அதே மாதிரிதான்! ஜான் கர்வென் என்ற பாதிரியார் இதைத் திருத்தி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை முத்திரையும் சேர்த்து, ஊர் ஊராகப் பரப்பினார். பெயர் தட்டிச் சென்றவர் கர்வென். விதை போட்டவர் அந்த அம்மையார்.

அந்த முத்திரைகளை ஹங்கேரிக்குக் கொண்டுபோனவர் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய். நண்பர் பேலா பார்டோக்கும் அவரும் கிராமம் கிராமமாக அலைந்து நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர்கள். 1925-ல் பள்ளிப் பிள்ளைகள் பாடியதைத் தற்செயலாகக் கேட்டுத் திடுக்கிட்டார் கோடாய். குழந்தைகளுக்கு நல்ல பாட்டைக் கொடுக்காமல் கச்சேரி மண்டபம் கட்டி என்ன லாபம் என்று தோன்றியது. தாய்மொழி நாட்டுப்பாட்டிலிருந்து ஆரம்பி, வாத்தியத்துக்கு முன்னால் குரலைப் பழக்கு, முதலில் காது, அப்புறம்தான் எழுத்து... இதுதான் அவர் வழி. 1950-ல் அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் இசைக்கு முதலிடம் தரும் ஆரம்பப் பள்ளி திறந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அதுபோல நூற்றுக்கும் மேல்! 2016-ல் யுனெஸ்கோவும் இந்த முறையை, பாரம்பரியத்தைக் காக்கும் நல்ல வழிகளின் பட்டியலில் சேர்த்தது.

கோடாய் முறையில் ஒரு விளையாட்டு உண்டு. இன்று ராத்திரியே உங்கள் வீட்டில் ஆடலாம். குழந்தைக்குத் தெரிந்த நிலாப் பாட்டையோ தாலாட்டையோ எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். நடுவில் கையை மூடுங்கள். வாய் நிற்கவேண்டும், பாட்டு மட்டும் மனசுக்குள் ஓடவேண்டும். கையைத் திறந்ததும், பாட்டு அதற்குள் எந்த இடத்துக்கு வந்திருக்குமோ, அங்கிருந்து எல்லோரும் சத்தமாகத் தொடரவேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு இடத்தில் முழிப்பீர்கள். அப்பாதான் அதிகம் சொதப்புவார்! நான்கைந்து நாளில் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே சுருதியில் வந்து நிற்பீர்கள்.

சத்தமே இல்லாதபோதும் உள்ளே கேட்கிறதே ஒரு பாட்டு... அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத்தான் குய்தோ மடத்தை விட்டே வெளியேறவேண்டி வந்தது. நமக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. டி.வி-யைப் பத்து நிமிடம் அணைத்தால் போதும்!