தோலகட்டி முந்திரிகை இரசம்: புலம்பெயர் நாடுகளிலிருந்து வருவோருக்கு ஒரு பயண வழிகாட்டி

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து முகத்துவாரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்குவோர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது தோலகட்டி நெல்லி ரசமும் முந்திரிகை இரசமும் கொண்டுவருவது வழமை. பிரான்ஸில் வைன் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, எமது மண்ணிலும் முந்திரிகை விளைகிறது என்பது புதுச் செய்தியாக இருக்கும். தமிழகத்தார் திராட்சை என்பதைத்தான் யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்கின்றனர்.

வசாவிளானை அண்டிய தோலகட்டியில், 1928ஆம் ஆண்டு அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனம், செபம், உழைப்பு என்பவையே இத்துறவிகளின் வாழ்வு. இங்கு தயாராகும் பழரசங்கள் நாடெங்கும் அறியப்பட்டவை. இது துறவிகள் வாழும் இடம் என்பதால் அமைதி காப்பதும், செல்லுமுன் நேரத்தை விசாரிப்பதும் அவசியம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கோட்டையிலிருந்து புகையிரதத்திலோ, வெள்ளவத்தையிலிருந்து இரவுப் பேருந்திலோ செல்லலாம். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. நேர அட்டவணை மாறக்கூடும். முன்கூட்டியே ஆசனம் பதிவதே நல்லது. யாழ். நகரிலிருந்து பலாலி வீதியால் உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் கடந்தால் வசாவிளான்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளோர் புறப்படுமுன் இணையவழிப் பயண அனுமதி பெறுவது நல்லது. 2014 ஒக்டோபரில், வடக்கே செல்லும் வெளிநாட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2015 ஜனவரியில் அது நீக்கப்பட்டது.

முந்திரிகைக் கொடியைக் கவாத்துச் செய்த மூன்றரை, நான்கு மாதங்களில் பழம் பறிக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் பறிக்கும் காலம் வேறுபடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரி மழை கொடிக்கும் பயணத்துக்கும் உகந்ததல்ல. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டே பந்தலுக்குள் செல்லுங்கள். 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுசாரம் விற்பது சட்டவிரோதம். போயா தினங்களில் மதுபான விற்பனையும் இல்லை.

வரைபடம் காட்டாத இன்னொன்றும் உண்டு. வசாவிளான் உட்பட வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி 1990இல் இடம்பெயர்ந்தது. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயமானது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டாலும் இன்னும் பலர் தம் காணிக்குத் திரும்பவில்லை. பலாலி - வசாவிளான் வீதி 2025 ஏப்ரலில் நிபந்தனைகளுடன் திறக்கப்பட்டது. இடையில் நிறுத்தவும் படமெடுக்கவும் அப்போது தடை இருந்தது. அறிவிப்புப் பலகைகளை வாசித்துவிட்டே செல்லுங்கள்.

அந்த வேலிகளுக்கு அப்பாலும் ஒருகாலத்தில் வீடுகளும் தோட்டங்களும் இருந்தன. போத்தலோடு திரும்பும் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள்.