ஒட்டாமல் ஒட்டியிருப்பவை

போன மாதம் கொல்லிமலை செம்மேட்டில் ஒரு நர்ஸம்மா கேட்டார்: "இந்தப் பட்டை எதைப் பாத்து சார் ரெண்டாவது கோடு போடுது?" கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி ஹார்மோனைப் பார்த்து என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அது இரண்டு துண்டுகளால் ஆனது. பல பட்டைகளில் ஒரு எதிர்ப்பொருள் ஆல்ஃபாவைப் பிடிக்கும், இன்னொன்று பீட்டாவைப் பிடிக்கும். இரண்டு துண்டும் சேர்ந்திருந்தால்தான் கோடு. அப்போ அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது எது?

1920களின் கடைசியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி போட்டுச் சோதித்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1970-இல் அமெரிக்காவின் பஃபலோவில் என். சுவாமிநாதனும் ஓம் பி. பஹலும் ஹார்மோனை யூரியாவில் போட்டார்கள் (வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான், ஆனால் ரொம்பக் கெட்டியான கரைசல்). இரண்டாகப் பிரிந்தது. தனித்தனியே இரண்டும் சும்மா. மறுபடி சேர்த்து வைத்தால் வேலை திரும்ப வந்தது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே நிரந்தரமான வேதிப்பிணைப்பு எதுவும் இல்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இது. அந்தச் சுவாமிநாதன் பெயரை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

92 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் உட்பட வேறு மூன்று ஹார்மோன்களிலும் அதேதான். 145 கொண்ட பீட்டாதான் எச்.சி.ஜி-க்கே உரியது. டெல்லியில் ஜி.பி. தல்வார் கருத்தடைத் தடுப்பூசிக்குப் பீட்டாவை எடுத்துக்கொண்டது அதனால்தான். அதோடு ஒரு செம்மறி ஆட்டு ஹார்மோனின் ஆல்ஃபாவைச் சேர்த்தார். ஆடும் மனுஷியும்! தாமாகவே பிடித்துக்கொண்டன, எதிர்ப்பொருளும் இன்னும் நன்றாக உருவானது. 1994-இல் வெளியான முடிவு: 148 பெண்கள், எதிர்ப்பொருள் போதுமான அளவு இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அந்த அளவு வரவேயில்லை. பெண் தனக்கு வேண்டாம் என்று நினைத்த அன்றே இதை நிறுத்த முடியாது என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. ஊசி போட்டபின் உடம்புக்குள் நடப்பது மாத்திரையை நிறுத்துவது போல இல்லையே. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அதே 1994-இல்தான் பிடியின் ரகசியமும் தெரிந்தது. கிளாஸ்கோவிலும் கொலம்பியாவிலும் இரண்டு குழுக்கள் எச்.சி.ஜி-யின் படிக அமைப்பைக் கண்டன. பீட்டாவின் வால்பக்கத்து இழை ஒன்று ஆல்ஃபாவைச் சுற்றி வந்து, பீட்டாவிலேயே ஒரு கந்தகப் பிணைப்பால் மாட்டிக்கொள்கிறது. அவர்கள் வைத்த பெயர் சீட் பெல்ட். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெல்ட் ஆல்ஃபாவோடு ஒட்டவில்லை, நழுவாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

ஆள் உட்கார்ந்த பிறகு பெல்ட் மாட்டுவதுதானே முறை? இங்கே தலைகீழாகவும் நடக்கும். பெல்ட் முதலில் மாட்டிக்கொண்டுவிடும். அப்புறம் ஆல்ஃபாவின் ஒரு வளையம், தன்மேல் தொங்கும் சர்க்கரைச் சங்கிலியோடு, அந்த இடுக்கின் அடியில் நுழைந்து வரும். இது முடியும் என்று 2001-இல் வில்லியம் மாய்ல் குழு காட்டியது. பெல்ட்டில் ஒரு சின்னப் பிணைப்பு அவிழ்ந்து தளர்ந்தால் நுழைவது இன்னும் சுலபம், நுழைந்தபின் அது மறுபடி இறுகிக்கொள்ளும்.